நகக்கண்ணில் எதுவுமில்லை

பிணத்தின் கன்னத்தை விரலால் தொட்டுவிட்டு, "நேற்று ராத்திரி பதினொன்றே கால்" என்று செத்த நேரத்தைச் சொல்லும் டாக்டரை என் உத்தியோக காலம் முழுவதும் நான் சந்தித்ததே இல்லை. துப்பறியும் கதைகளில் மட்டும் அவர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். நிஜ டாக்டர் "ராத்திரிச் சாப்பாட்டுக்கும் விடியலுக்கும் நடுவில்" என்பார், அதையும் தலையைச் சொறிந்துகொண்டுதான் சொல்வார். அதே கதைகளில் ஒரு தலைமயிர் காலையில் ஆய்வகத்துக்குப் போகும், மத்தியானச் சாப்பாட்டுக்குள் அதன் குலம் கோத்திரத்தோடு முடிவு வந்துவிடும். எங்கள் ஆய்வகத்தில் பார்சலின் அரக்கு முத்திரை சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவைக்கவே ஒரு காலைப்பொழுது ஓடிவிடும். முத்திரை உடைந்திருந்தால், கொண்டுவந்த போலீஸ்காரர் வந்த பஸ்ஸிலேயே திரும்ப வேண்டியதுதான்.

இதையெல்லாம் எழுதுங்கள் மேடம் என்று என்னிடம் வேலை பழகியவர்கள், நான் ஓய்வுபெற்ற நாள்முதல் நச்சரித்து வந்தார்கள். ஆசிட் நாற்றத்தைத் தவிர எழுத என்ன இருக்கிறது என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒருவர் கையில் ஒரு புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது தாவரவியல். பாளையங்கோட்டையில் கல்லூரி, பிறகு ஓர் அரசுத் தேர்வு, சென்னையில் சில மாதப் பயிற்சி. பயிற்சியின் முதல் நாள் கையில் ஒரு மண்டையோட்டைக் கொடுத்தார்கள். வாங்கிப் பார்த்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். இதை ஊருக்கு வந்து பெருமையாகச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. எங்களுடையது முட்டைகூட நுழையாத சைவ வீடு. வேலைக்குச் சேர்ந்த பிறகு, தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் அம்மா என்னை அடுப்படிக்குள் விட்டதே இல்லை.

திருநெல்வேலித் தடயவியல் ஆய்வகத்தில் எனக்கு வாய்த்த மேலதிகாரி தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர், குரல் உயரவே உயராது. அறிக்கையை எழுதிக் கொண்டுபோய் நீட்டினால் உடனே வாசிக்க மாட்டார். சிவப்பு மைப் பேனாவை மூடி கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு, "ஒப்பு எங்கம்மா?" என்பார். ஒப்பு என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மாதிரி. சட்டையில் ரத்தக்கறை என்றால், அதே சட்டையில் கறைபடாத இடத்திலிருந்து ஒரு துண்டு. செருப்பில் மண் என்றால், சம்பவம் நடந்த இடத்து மண். அது இல்லாமல் செய்கிற சோதனை அவரைப் பொறுத்தவரை சோதனையே இல்லை. அது இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பேனா இறங்கும். நிச்சயமாக, சந்தேகத்துக்கு இடமின்றி, தெள்ளத்தெளிவாக என்று நான் எழுதியதெல்லாம் ஒவ்வொன்றாக அடிபடும்.

ஒருநாள் பாதி அறிக்கை சிவப்பாகத் திரும்பி வந்தது. நான் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். "தெரிஞ்சதை எழுத எவனாலயும் முடியும்மா. தெரியலைன்னு கையெழுத்துப் போடத்தான் படிப்பு வேணும்" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது அடுத்த வாரமே தெரிந்தது. கொலைகாரனின் வேட்டி என்று ஒரு பார்சல் வந்தது. கறை, ரத்தம் போலவே இருந்தது. சோதித்தால் வெற்றிலைச் சாறு. நான் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். சார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். வேட்டிக்காரனை ஊரார் ஏற்கெனவே கம்பத்தில் கட்டிவைத்துக் கையை முறித்திருந்தார்கள். எங்கள் முடிவால் அவன் வெளியே வந்தான், கை நேராகவில்லை.

இனி இசக்கியின் வழக்குக்கு வருகிறேன். என்னை இன்றுவரை விடாமல் பிடித்திருப்பது அதுதான்.

நாங்குநேரிப் பக்கத்துப் பெண். தாய் இல்லை. அப்பா பேச்சிமுத்து, பஸ் கண்டக்டர், தனியாக வளர்த்தவர். ஆற்றங்கரையில் வீடும் வயலும் உள்ள ஒரு குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் ஒரு விடியற்காலை, தாமிரபரணியில் படித்துறைக்குச் சற்றுக் கீழே அவள் உடல் ஒதுங்கிக் கிடந்தது. குளிக்கப் போய் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான் கணவன். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. வானம் பார்த்த பூமியில் வளர்ந்த பிள்ளை, ஆற்றைக் கண்டாலே அவளுக்குப் பயம், வீட்டுக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தொட்டியில் மொண்டுதான் குளிப்பாள் என்றார். அந்தத் தொட்டிக்குள்ளேயே அமுக்கிக் கொன்று, தூக்கிவந்து ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்பது அவர் புகார்.

பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், மூச்சுக்குழாயில் தண்ணீர் போயிருக்கிறது, பிடரியில் கன்றிய காயம் இருக்கிறது, அது கல்லில் அடிபட்டும் வந்திருக்கலாம் என்று எழுதிவிட்டார். ஆக, அவள் தண்ணீரில் மூழ்கித்தான் செத்தாள். எந்தத் தண்ணீர் என்பதுதான் கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டிய வேலை எங்களிடம் வந்தது.

ஆறு, குளம், பாசி பிடித்த தொட்டி எல்லாவற்றிலும் டயட்டம் என்று ஒரு நுண்பாசி உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அதன் ஓடு கண்ணாடி மாதிரி, ஆசிட்டிலும் கரையாது. உயிரோடு ஒருவர் மூழ்கும்போது தண்ணீரோடு அது நுரையீரலுக்குள் போகும், துடித்துக்கொண்டிருக்கிற இருதயம் அதை ரத்தத்தில் ஏற்றி எலும்பு மஜ்ஜைவரை கொண்டு சேர்க்கும். செத்த பிறகு ஆற்றில் போட்டால் மஜ்ஜைக்குப் போக வழியில்லை. அதனால் தொடை எலும்பை அனுப்பச் சொல்வோம். காய்ச்சி வடித்த நீரால் எலும்பை வெளிப்புறம் கழுவி, உள்ளிருக்கும் மஜ்ஜையை மட்டும் சுரண்டி எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் போட்டுப் பையச் சூடாக்க வேண்டும். பழுப்புப் புகை எழும். சதை, கொழுப்பு எல்லாம் கரைந்து கடைசியில் தெளிந்த திரவம் நிற்கும். அதை இயந்திரத்தில் வைத்துச் சுழற்றி, அடியில் தங்கும் துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் ஓடுகள் தெரியும். அவற்றின் வகைகளைக் குறித்துக்கொண்டு, சம்பவ இடத்துத் தண்ணீரோடு ஒப்பிட வேண்டும். அதாவது, ஒப்பு வேண்டும்.

போலீஸ் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களை தேவசகாயம் சார் வாங்க மறுத்துவிட்டார். அதில் ஒன்றில் முன்பு நல்லெண்ணெய் இருந்த வாசம் வந்தது. அவரே ஜீப் ஏறினார், என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, உடல் கிடந்த இடத்தில் தண்ணீர் எடுத்தார். பிறகு அந்த வீட்டுத் தொட்டிக்குப் போனோம். உள்சுவரில் சுண்ணாம்பு அடித்து அதன்மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. விளிம்புக்குக் கீழே ஓரிடத்தில் பாசி கீறிவிட்ட மாதிரி விலகி, வெள்ளை தெரிந்தது. சார் குனிந்து வெகுநேரம் அதையே பார்த்தார். தென்னநார் போட்டுத் தேய்த்தது என்று கணவன் பின்னால் நின்று சொன்னான். சார் என் பக்கம் திரும்பி, "நகம் வருதில்லா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு கையின் நகங்களையும் வெட்டி டாக்டர் அனுப்பியிருந்தார். பிடரியைப் பிடித்து அமுக்கினால் எந்த உயிரும் சுவரைப் பிறாண்டும். நகத்துக்குள் சுண்ணாம்பும் பாசியும் இருந்தால் வழக்கு முடிந்தது. ஆற்றில் சுண்ணாம்புச் சுவர் கிடையாது.

முதலில் தண்ணீரைப் பார்த்தேன். மஜ்ஜையில் டயட்டம் இருந்தது. ஆற்று நீரில் இருந்த அதே வகைகள். தொட்டி நீரிலும் அவையேதான். இரண்டு தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்துக் கண் எரியும்வரை பார்த்தேன், பிரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. எப்படி இருக்கும்? அந்த வீட்டு மோட்டார் ஆற்றிலிருந்துதான் தொட்டிக்கு நீர் இறைக்கிறது. இந்தப் பக்கம் பாதி ஊருக்குக் குடிக்கவும் குளிக்கவும் அதே ஆறுதான். தொட்டியில் செத்தாலும் அவள் தாமிரபரணியில்தான் செத்தாள்.

அடுத்து நகங்கள். உறையைப் பிரித்தேன். பளிச்சென்று இருந்தன. சுண்ணாம்பு இல்லை, பாசி இல்லை, ஆற்று மணல் ஒரு பொடிகூட இல்லை. மணலில் கிடந்த உடலுக்கு அப்படி இருக்கவே முடியாது. யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள். கணவன்தான், படுபாவி, விவரமானவன் என்று நான் கொதித்துப்போய் அறிக்கையில் அதையும் எழுதினேன். சார் அந்த வரியை முழுதாக அடித்தார். "நகக்கண்ணில் அந்நியப் பொருள் எதுவுமில்லை" என்பதை மட்டும் விட்டுவைத்தார். யார் சுத்தம் செய்தது என்று நுண்ணோக்கியில் தெரிந்ததா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவருக்கும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை, டப்பாவைத் திறந்து அப்படியே மூடிவைத்ததைப் பார்த்தேன்.

சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போன அன்று வராந்தாவில் பேச்சிமுத்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காக்கிச் சட்டையோடு வந்திருந்தார், அன்றும் பாதி டியூட்டி பார்த்துவிட்டுத்தான் வந்தாராம். நான் யாரென்று தெரிந்துகொண்டு மகளைப் பற்றிப் பேசினார். தகவல் வந்து ஓடிப்போனபோது போலீஸ் இன்னும் வந்துசேரவில்லை, கரையில் ஈரச் சேலையோடு தனியாகக் கிடத்தியிருந்தார்கள் என்றார். பிறகு தன் போக்கில் சொன்னார்:

"சின்னதுல இருந்தே அவ நகத்தை நாந்தாம்மா வெட்டி விடுவேன். தாயில்லாப் பிள்ளை பாருங்க. அன்னைக்கு நகமெல்லாம் ஒரே அழுக்கா இருந்துச்சு. நாலு பேரு வந்து பாப்பாங்கல்லா, அப்படியே கிடக்க விடலாமா? ஒரு ஈர்க்கை ஒடிச்சு ஒவ்வொண்ணா எடுத்துவிட்டு, ஆத்துத் தண்ணியில கழுவி விட்டேன்."

அழுக்கு என்ன நிறம் அண்ணாச்சி என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. பச்சையும் வெள்ளையுமாக என்று அவர் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவர் எப்படி வீட்டுக்குப் போவார்? நான் கேட்கவில்லை. என் பேரைக் கூப்பிட்டார்கள், எழுந்து உள்ளே போனேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் நல்ல கெட்டிக்காரர். ஆற்றுத் தண்ணீருக்கும் தொட்டித் தண்ணீருக்கும் வேறுபாடு காண முடிந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். நகத்தில் ஏதாவது கிடைத்ததா என்றார். இல்லை என்றேன். நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். திரும்பி ஆய்வகத்துக்கு வந்ததும் சாரிடம் வராந்தாவில் கேட்டதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார். "அந்த மனுஷனுக்குத் தெரிய வேண்டாம்" என்றார். தெரிந்ததை மறைக்கச் சொல்லி அவர் பேசியது என் நினைவில் அது ஒன்றுதான்.

கணவன் விடுதலையானான். பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டான், டிராக்டர் வாங்கினான், நன்றாக இருக்கிறான். தேவசகாயம் சார் ஓய்வுபெற்று, சில வருஷங்களில் காலமாகிவிட்டார். அவருடைய இடத்துக்கு நான் வந்தேன், எனக்குப் பின் என்னிடம் வேலை பழகிய பிள்ளைகள் வந்தார்கள். பேச்சிமுத்தும் வேலை முடிந்து பாளையங்கோட்டையில் தங்கை வீட்டோடு வந்துவிட்டார். இங்குள்ள நூலகத்தில் அவரை அடிக்கடி பார்ப்பேன். எப்போதும் சன்னலோரம் ஒரே நாற்காலி, கையில் எப்போதும் ஏதாவது துப்பறியும் கதை. தலையை அசைப்பார், நானும் அசைப்பேன். பாவம், மறந்திருக்கப் படிக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த நிலையில்தான் ராமலிங்கம் வந்தார். கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை, ஓய்வு நேரத்தில் துப்பறியும் நாவல் எழுதுகிறவர். ஆய்வகத்துப் பிள்ளைகள்தான் அனுப்பியிருந்தார்கள். தன் புது நாவலில் அறிவியல் தவறே இருக்கக் கூடாது என்றார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கையெழுத்துப் பிரதியைப் புரட்டினேன். ஆற்றங்கரை வீடு, சிமெண்டுத் தொட்டி, கரையில் ஒதுங்கிய பெண். நம்ம பக்கத்துப் பழைய வழக்கு ஒன்று, பேப்பரில் படித்தது, நீங்கள்தான் சாட்சி சொன்னீர்களாமே என்றார். கதையில் பெண்ணின் நகத்தைக் கணவன் சுத்தம் செய்துவிடுகிறான். ஆனாலும் ஆய்வகத்தில் இருக்கிற இளம்பெண் விடவில்லை. உலகத்திலேயே அந்தத் தொட்டியில் மட்டும் வளரும் ஒரு டயட்டத்தை மஜ்ஜையில் கண்டுபிடிக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் கணவன் கைவிலங்கோடு போகிறான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் எந்த இடத்தில் முட்டி நின்றேனோ, அந்த இடத்தை இந்த மனிதர் ஒரு பத்தியில் தாண்டிப் போகிறார். என் மேசையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. அடித்தேன். அந்த அத்தியாயம் முழுவதையும் அடித்தேன்.

"ஏதாவது ஒரு துரும்பு குடுங்க மேடம், அதைப் பிடிச்சு ஏறிக்கிடுதேன்" என்று ராமலிங்கம் கெஞ்சினார். நகம் போனால் எல்லாம் போச்சு, வேறு வழியே கிடையாது, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றேன். நகத்தைச் சுத்தம் செய்தது உண்மையில் யார் என்பதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை. அது கணவன் செய்ததாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் மனசில்லாமல் திருத்தி எழுதினார். புத்தகம் வந்தது. முன்னுரையில் என் பெயரைப் போட்டு, இதில் வரும் ஒவ்வோர் அறிவியல் செய்தியும் இவரால் சரிபார்க்கப்பட்டது என்று நன்றி சொல்லியிருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் ஒரு சாயங்காலம் பேச்சிமுத்து அந்தப் புத்தகத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். காப்பி வேண்டாம் என்றுவிட்டார். புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார்.

"இதுல நகத்தைப் புருஷன் சுத்தம் பண்ணதா எழுதியிருக்காரு" என்றார். "நீங்க எம் பேரைச் சொல்லலை. இத்தனை நாளும் யாருகிட்டயும் சொல்லலைன்னு அதுலதான் தெரிஞ்சுது."

உங்களுக்கு எப்போது தெரியும் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"கேஸ் தோத்த வருஷமே தெரியும்மா. பஸ் ஸ்டாண்டு கடையில ஒரு கதை வாங்குனேன், அதுல நகத்தை வச்சுத்தான் கண்டுபிடிக்கான். படிச்சதும் புக்கைத் தூக்கி ஆத்துல போட்டுட்டேன்." தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பச்சையா இருந்துச்சும்மா. வெள்ளையும் இருந்துச்சு. நான் ஆத்துப் பாசின்னு நினைச்சேன்."

நான் அன்று கேட்காமல் விட்ட கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொள்ளவில்லை. அவர் அழவில்லை. அதற்குப் பிறகு படித்த கதைகளைப் பற்றிச் சொன்னார். நகம் சுத்தமான பிறகும் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடித்தான் அத்தனையும் படித்தாராம். எல்லாக் கதையிலும் கண்டுபிடித்துவிடுகிறார்கள், ஆனால் சும்மா அளந்துவிடுகிற கதை என்று படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது என்றார். இந்தப் புத்தகத்தின் முன்னுரையில் என் பெயரைப் பார்த்ததும், இதில் ஒரு வழி சொல்லியிருந்தால் அது நிஜமாகத்தான் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு வக்கீலைப் போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தாராம். கடைசிப் பக்கம்வரை ஒரே மூச்சில் படித்திருக்கிறார்.

"இதுல வழி இல்லைன்னு போட்டிருக்கு" என்றார். "நீங்க சொல்லித்தான் போட்டிருப்பாரு. வழியே கிடையாதாம்மா?"

தெரியவில்லை என்று சொல்லத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார் தேவசகாயம் சார். அந்த வார்த்தையை எத்தனையோ அறிக்கையில் எழுதியிருக்கிறேன், எத்தனையோ கூண்டில் நின்று சொல்லியிருக்கிறேன். அன்று அதைச் சொல்ல முடியவில்லை. எனக்குத் தெரியும். நகத்தை வழக்கு முடிந்ததும் எரித்துவிட்டார்கள், தொட்டியை இடித்துவிட்டார்கள், இரண்டு தண்ணீரும் ஒரே தண்ணீர்.

"இல்ல அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். புத்தகத்தை என் மேசைமேல் வைத்தார். "அப்போ இனி படிக்க ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அடுத்த வாரம் நூலகத்துக்குப் போனேன். சன்னலோர நாற்காலியில் வேறு யாரோ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரமும் அவர் வரவில்லை. தங்கை வீட்டு விலாசம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், போக இன்னும் தைரியம் வரவில்லை.

நேற்று ராமலிங்கம் போனில் வந்தார். அடுத்த நாவல் எழுதுகிறாராம். விஷம் வைத்துக் கொன்று, உடலை எரித்து, சாம்பலையும் ஆற்றில் கரைத்துவிடுகிறார்கள். செத்தவள் அப்பா வந்து ஆய்வகத்தில் நிற்கிறார். இதற்கு மேல் என்ன விஷம் என்று கண்டுபிடிக்க முடியுமா மேடம், போன தடவை மாதிரி தப்பு வரக் கூடாது என்று கேட்டார்.

"முடியாது" என்றேன். "ஆனா நீங்க கண்டுபிடிச்சிருங்க."

எப்படி மேடம், காரணம் வேண்டாமா என்றார். எதையாவது எழுதுங்கள் என்றேன். நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். கையெழுத்துப் பிரதியை எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்டார். கொண்டுவர வேண்டாம், நான் எதையும் அடிக்க மாட்டேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.